பொம்மை வீட்டின் பின்சுவர்

சேவூர்க்காரனே,

என் சட்டைப் பையில் ஒரு மர ஆணி கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. தறியில் உட்கார்ந்து குனியும்போதெல்லாம் நெஞ்சில் குத்துகிறது. எடுத்து மாடத்தில் வையுங்கள் என்று என் வீட்டுக்காரி செல்வி இரண்டு தரம் சொல்லிவிட்டாள். வைக்க மனம் வரவில்லை. நீ செதுக்கியது. பதினோரு வருடமாக என் வீட்டுக்குள்ளேயே ஒளிந்து கிடந்து, போன வாரம்தான் வெளியே வந்தது. அது என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்பது உனக்கு முதலிலிருந்தே தெரியும். எனக்கு இப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததிலிருந்து உன்னோடு பேசாமல் இருக்க முடியவில்லை. நீ போய் மூன்று மாதம் ஆகிறது, ஆகவே எழுதுகிறேன்.

தொண்ணூற்றேழாம் வருடத்து ஆடி மாதம் உனக்கு மறந்திருக்காது. என் மகள் மஞ்சுவுக்கு அப்போது எட்டு வயது. முதலில் முழங்கால் வீங்கியது, பிறகு கணுக்கால், கூடவே விட்டு விட்டுக் காய்ச்சல். வேலூர் டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். மூட்டுக் காய்ச்சல், இதயத்தையும் தொட்டிருக்கிறது என்றார். "ஊசி போட்டுக்கலாம். ஆனா மூணு மாசம் கட்டிலை விட்டு எறங்கவே கூடாது. ஓடினா, குதிச்சா இப்ப ஒண்ணும் தெரியாது. இதயம் கெட்டுப்போச்சுன்னா ஆயுசுக்கும் கஷ்டம்" என்றார்.

மூன்று மாதம் படுத்திருப்பதா? மஞ்சுவா? தெருவில் தறிக்குப் பாவு நூலை நீட்டினால் அதற்கடியில் குனிந்து முதலில் ஓடுகிறவள் அவள்தான். படுக்கப் போட்ட இரண்டாம் வாரமே, செல்வி கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து இறங்கி, வாசலில் கட்டம் போட்டுத் தாண்டியிருக்கிறாள். நான் சத்தம் கேட்டு வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளிறியிருந்தது. சட்டைக்கு மேலேயே நெஞ்சு அடித்துக்கொள்வது தெரிந்தது. தூக்கிக்கொண்டு உள்ளே போனவன், அன்று முழுவதும் தறியில் உட்காரவில்லை. ஏன் என்று உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்.

அதற்கடுத்த ஊசிக்கு வேலூர் போய்த் திரும்பும்போதுதான் அந்த வீட்டைப் பார்த்தோம். பழைய சாமான் கடை ஒன்றில், கால் உடைந்த மேசைக்கும் ஓடாத மின்விசிறிக்கும் நடுவில் இருந்தது. என் தோளில் சாய்ந்திருந்த மஞ்சுதான் கண்டுபிடித்தாள். "அப்பா, குட்டி வீடு!" இரண்டு முழ அகலம், கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. கூரை பாதி இல்லை. மாடிப்படி உடைந்து உள்ளேயே விழுந்து கிடந்தது. ஜன்னல்கள் ஒற்றைக் கீலில் தொங்கின. பின்பக்கம் சுவரே இல்லாமல் வெறுமனே இருந்தது. கடைக்கார பாய் சொன்னார். "டாக்டரம்மா ஒருத்தங்க அவங்க ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனாங்க. வெள்ளைக்காரப் பசங்க ஆடினது. எத்தினியோ பேரு வெறகுக்குக் கேட்டாங்க, எனக்கு மனசு வரல. நீ எடுத்துகினு போ."

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மஞ்சு செல்வி மடியில் தூங்கினாள். கண்ணமங்கலத்தில் ஏறிய ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வீட்டுக்குப் போவாங்க, நீ வீட்டையே தூக்கிகினு எங்க போற?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. பல நாள் கழித்து நானும் சிரித்தேன்.

நேராக உன் பட்டறைக்குத்தான் கொண்டுவந்தேன். ஊரில் தறிக்கு மரவேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், ஐந்தாவது வரை ஒரே பலகையில் உட்கார்ந்தவன் நீதானே. நீ அப்போது யாருடைய தறிப் படமரத்தையோ இழைத்துக்கொண்டிருந்தாய். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, வீட்டைச் சுற்றி ஒரு முறை வந்தாய். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய். வெகுநேரம் தொடவே இல்லை. எனக்குப் பொறுமை போய், "இன்னாடா, முடியுமா முடியாதா?" என்றேன். நீ எழுந்துபோய்த் தொட்டித் தண்ணீரில் முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தாய்.

"இன்னொரு ஆசாரி வேலைடா இது. அழுக்குக் கையோட தொடக்கூடாது" என்றாய். பிறகு ஒரு ஜன்னலை ஒற்றை விரலால் தள்ளினாய். அது திறந்தது. "அடப்பாவி! நெசமாவே தெறக்குதுடா! எவன்டா இவன்? எந்த ஊரு?" உன் முகத்தில் அப்போது இருந்ததை நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை.

அந்த இரண்டு வாரம் தினமும் சாயங்காலம் சைக்கிளில் சேவூருக்கு வந்தேன். உதவி செய்வதற்கு என்று சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன். தறியில் ஊடு நூலை ஓட்டித் தேய்ந்துபோன நாடாக் கட்டையை அறுத்து, அந்தக் கெட்டி மரத்தில் பதினான்கு படி செய்தாய். நூல் ஓடி ஓடி வழவழப்பான மரம், வேறு எந்த மெருகும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. தறியின் பழைய அச்சிலிருந்து பல் உருவி ஜன்னலுக்குக் கம்பி வைத்தாய். புடவை அறுத்த பிறகு தறியில் மிஞ்சும் பட்டுத் துண்டைக் கொடுத்தேன், அது திரைச்சீலை ஆயிற்று. பன்னிரண்டு வயதிலிருந்து மரத்தில் வேலை செய்கிற உன் தடித்த விரல்கள், கோதுமை அளவு கைப்பிடியை ஒரு கதவில் பொருத்துவதை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். இருமல் வந்தால் வெளியே ஓடிப்போய் இருமிவிட்டு வந்தேன்.

நமக்குப் புரியாதவையும் அதில் இருந்தன. கூடத்தின் நடுச்சுவரில் ஒரு அடுப்பு. "கூடத்துல யாருடா சோறாக்குவான்?" என்று தலையைச் சொறிந்தாய். குளிர் நாட்டுக்காரர்கள் காய்வதற்காக வைப்பார்கள் என்று நான் எங்கோ கேட்டதைச் சொன்னேன். "ஆரணிக்கு வந்துட்டான், இனிமே இன்னா குளிரு?" என்று சொல்லி, அந்த இடத்தைச் சாமி மாடம் ஆக்கிவிட்டாய். மாடியில் நான்கு கால் வைத்த வெள்ளைத் தொட்டி ஒன்று இருந்தது. அது மனிதர்கள் படுத்துக் குளிக்கிற தொட்டி என்று நமக்கு எப்படித் தெரியும்? பட்டுக்குச் சாயம் போடுகிற தொட்டி என்று இரண்டு பேரும் ஒருமனதாகத் தீர்மானித்து, கீழே பின்கட்டு அறைக்கு இறக்கி, பக்கத்தில் மூன்று சாய நூல் சிட்டங்களைத் தொங்கவிட்டோம்.

ஒரு சாயங்காலம் நான் வந்தபோது, மாடித் தரைக்கு அடியிலிருந்து ஏதோ ஒரு பழைய காகிதத்தை உருவி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். நான் அதைக் கேட்கவில்லை. நீதான் கேட்டாய். "புள்ள எழுந்து உக்காந்து ஆடலாமாடா?"

"எழுந்து உக்காரவே வேணாம்ன்றாரு டாக்டரு. அவ எங்க கேக்கறா? நேத்துகூட ரெண்டு தரம் எழுந்துட்டா. செல்வி அழுவறா" என்றேன்.

 மறுநாள் வந்தபோது, இரண்டு முழ அகலத்துக்கு ஒரே தேக்குப் பலகையை இழைத்துக்கொண்டிருந்தாய். "பின்னால சொவரு இல்லாம மூளியா இருக்குதுடா. காணாப்போயிருக்கும். நான் போட்டுடறேன்" என்றாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சுவர் இல்லாத வீட்டை யார் வைத்துக்கொள்வார்கள்? பின்சுவர் ஏறியது. முன்பக்கத்து நான்கு ஜன்னல்தான் இனிமேல் உள்ளே பார்க்க வழி. இருட்டாக இருக்குமே என்றேன். புகைபோக்கிக்குள் பேட்டரியை வைத்து, உள்ளே டார்ச் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, வெளியே சுவிட்ச் வைத்தாய். பேட்டரி தீர்ந்தபோதெல்லாம் நீயே வந்து மாற்றினாய்.

கட்டிலை ஒட்டினாற்போல், கட்டில் சட்டத்தோடு சேர்த்தே ஒரு பலகை அடித்து, அதன்மேல் வீட்டை வைத்தாய். ஜன்னல் மஞ்சுவின் தலையணைப் பக்கம். அவள் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் ஒரு கண் சரியாக ஜன்னலில் போய் உட்கார்ந்தது. எழுந்து உட்கார்ந்தால் கூரை மட்டும்தான் தெரியும். நீ அவள் காதருகில் குனிந்து, "பாப்பா, இதுல ஆளுங்க இருக்கறாங்க. கூச்ச சுபாவம். கட்டிலு ஆடிச்சின்னா மாடிக்கு ஓடிடுவாங்க. ஆடாம பாத்துகினு இருந்தா மெதுவா எறங்கி வருவாங்க" என்றாய்.

அன்று ஏழு மணிக்குக் கரண்டு போயிற்று. எதிர் வீட்டில் ரேடியோ நின்றது, தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. மஞ்சு சுவிட்சைப் போட்டாள். எங்கள் தெருவில் வெளிச்சம் இருந்த ஒரே வீடு அதுதான். பக்கத்து வீட்டார் ஒருவர் பின் ஒருவராக வந்து, கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு ஜன்னலில் கண்ணை வைத்தார்கள். என் முறை வந்தது. நாற்பது வயது ஆள் நானும் மண்டியிட்டேன். கூடம் தெரிந்தது. சாமி மாடம் தெரிந்தது. நீ செய்த படிகள் ஏறிப்போய், ஒரு திருப்பத்தில் வளைந்து மறைந்தன. அந்தத் திருப்பத்துக்கு அப்பால் எவ்வளவோ பெரிய வீடு இருப்பதுபோல் இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தனையும் நான் கிட்ட இருந்து பார்க்க நீ செய்ததுதான், ஒவ்வொரு படியும் எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த வீட்டை அன்றுதான் முதலில் பார்த்தேன். மஞ்சு என் சட்டையை இழுத்தாள். "அப்பா, மெதுவா மூச்சு உடு. யாரோ படியில நிக்கறாங்க."

அதற்குப் பிறகு அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. யாரும் பிடித்து அழுத்த வேண்டியிருக்கவில்லை. மணிக்கணக்கில் அசையாமல் ஒருக்களித்துக் கிடந்தாள். நாங்கள் அவள் அறைக்குள் அடிமேல் அடி வைத்துத்தான் நடந்தோம்.

ஒரு மாதம் கழித்து அவளுடைய பள்ளிக்கூட டீச்சரம்மா பார்க்க வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தவர் பின்பக்கம் போனதும் விழுந்து விழுந்து சிரித்தார். "அய்யோ, யாருங்க இத மூடினது? பின்பக்கம் தொறந்துதாங்க இருக்கும். அதுவழியா கைய விட்டுத்தான் புள்ளைங்க விளையாடும். நான் மெட்ராஸ்ல பாத்திருக்கறேன்."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. சைக்கிளை எடுத்துக்கொண்டு உன்னிடம் ஓடி வந்தேன். "ஏன்டா, இத்தினி நாளா புள்ள கை வைக்காம கெடக்குது. பிரிச்சி எடுடா" என்றேன். நீ இழைப்பதை நிறுத்தாமல் சொன்னாய். "அப்டியா? எனக்கு எப்டிடா தெரியும்? வஜ்ஜிரம் போட்டு ஒட்டிட்டேன். இப்பப் பிரிச்சா மொத்த வீடும் கையோட வந்துடும்."

அந்தக் கோபத்தில்தான் நான் அதைச் செய்தேன். மறுநாள் கோபாலின் டீக்கடையில், "நம்ம ஆசாரி பொம்மை வீட்டுக்குப் பின்சுவர் கட்டின கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். கடை குலுங்கியது. நீ கிளாசோடு உட்கார்ந்திருந்தாய். நீயும் சிரித்தாய். அதோடு போகவில்லை அது. மூடி ஆசாரி என்று பெயர் வைத்தார்கள். "ஆசாரி, கோழிக்கூண்டு ஒண்ணு செய்யணும், கோழி போறதுக்கு மட்டும் வழி உட்டுடு" என்பான் கோபால். வீடு கட்டிய ஒருவர் உனக்குக் கொடுப்பதாக இருந்த வாசற்கால் வேலையைப் போளூர் ஆளுக்குக் கொடுத்தார். விளையாட்டாகத்தான் ஏதோ சொன்னார் என்றாலும் வேலை போனது போனதுதான்.  ஏதாவது சொல்லேன்டா என்று நான் கேட்டதற்கு, "சிரிக்கட்டும் உடுறா, நாலு பேரு சிரிச்சா இன்னா கொறஞ்சிபோச்சி?" என்றாய்.

ஐப்பசியில் டாக்டர் மறுபடி குழாயை வைத்துக் கேட்டார். இதயம் தப்பிவிட்டது என்றார். பள்ளிக்கூடம் போகலாம் என்றார். பஸ் ஆரணிக்குள் நுழையும்போது செல்வி என் தோளில் முகம் புதைத்து அழுதாள். அன்று சாயங்காலம் நீ வந்தாய். உளி, சுத்தியல் எல்லாம் அடங்கிய பை சைக்கிளில் தொங்கியது. மஞ்சு இறங்கி ஓடிவந்து உன் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அங்கே வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொருவராகக் கண் வைத்துப் பார்க்கவிட்டாள். ஒரு பையன் ஜன்னலுக்குள் விரலை நுழைத்தான். மஞ்சு அவன் கையைத் தட்டிவிட்டாள். "கைய வெக்காதடா! அது அவங்க வீடு. பாக்க மட்டுந்தான்."

நீ நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு கீழே உட்கார்ந்து செல்வி கொடுத்த டீயைக் குடித்தாய். மஞ்சுவின் தலையில் கையை வைத்தாய். பையைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். "அண்ணன் எதுக்குப் பையைத் தூக்கிகினு வந்தாரு?" என்று செல்வி கேட்டாள். வழியில் எங்கேயாவது வேலை இருந்திருக்கும் என்றேன்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாய். ஒன்பதே நாள். உன் பாடையைத் தூக்கிய அன்றுகூட, கூட்டத்தில் யாரோ ஒருவன் அந்தக் கதையை மெதுவாகப் பக்கத்தில் இருந்தவனுக்குச் சொன்னான். நான் தொடங்கி வைத்தது அங்கே வரைக்கும் வந்தது.

பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று பரணில் இருந்ததையெல்லாம் இறக்கினேன். பொம்மை வீட்டின் புகைபோக்கியைக் கழற்றினால், உள்ளே பேட்டரி பொங்கித் துருவாய் ஒட்டிக்கிடந்தது. சுரண்டி எடுத்தேன். அதற்கடியில் ஒரு மர ஆணியின் தலை. ஏன் இங்கே ஆணி என்று குறடால் பிடித்து இழுத்தேன். வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல் வந்தது. பின்சுவரின் மேல் விளிம்பு மெல்ல என் பக்கம் சாய்ந்தது. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். அடியில் வெட்டிய ஒரு காடிப் பள்ளத்தில் நின்றிருந்த சுவர் முழுசாகக் கையில் வந்துவிட்டது. வஜ்ஜிரத்தின் சுவடு ஒரு சொட்டு இல்லை. எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாட்டும்படி செய்த சுவர்.

அதன் உட்பக்கம் அந்தப் பழைய காகிதத்தை ஒட்டியிருந்தாய். வீடு வந்த நாட்டில் அச்சடித்த படம். ஒரு வெள்ளைக்காரச் சிறுமி வீட்டின் பின்னால் எழுந்து உட்கார்ந்து, திறந்த அறைக்குள் கையை விட்டு விளையாடுகிறாள். கீழே உன் தடிப் பென்சில் எழுத்து: பாப்பா எழுந்து நடந்ததும் ஆணியை எடுக்கணும்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தெரிந்தேதான் மூடியிருக்கிறாய். திறந்திருந்தால் அவள் எழுந்து உட்காருவாள் என்று மூடியிருக்கிறாய். என்னிடம் சொன்னால் என் வாய் நிற்காது, அவள் காதுக்குப் போகும், திற திற என்று அடம் பிடிப்பாள் என்று என்னிடமும் மறைத்திருக்கிறாய். அன்று பையோடு திறக்கத்தான் வந்திருக்கிறாய். அவள் சொன்ன ஒரு சொல்லுக்காகத் திறக்காமல் போயிருக்கிறாய். பதினோரு வருடம் ஊர் சிரித்ததை ஒரே வரியில் நிறுத்தியிருக்கலாம். நீ நிறுத்தவில்லை. எப்பேர்ப்பட்ட மனிதனோடு ஒரே பெஞ்சில் டீ குடித்திருக்கிறேன் என்று நினைக்க நினைக்க எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

அந்தச் சுவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். தொடங்கிய இடத்திலேயே முடிக்க வேண்டும் அல்லவா? பெஞ்சில் வைத்து, எல்லோரையும் படிக்கச் சொன்னேன். சுவர்ப் பலகை ஒவ்வொரு கையாகப் போயிற்று.  கோபால்தான் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "இத்தினி வருசமா நாம அவனைப் பாத்துச் சிரிக்கலடா. அவன்தான் நம்மளப் பாத்துச் சிரிச்சிகினு இருந்திருக்கறான்."

மஞ்சு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வேலூரில் நர்ஸ் படிப்பு கடைசி வருடம். நான் சுவரைக் காட்டினேன். படித்தாள். திரும்பப் படித்தாள். "ஆசாரி மாமா தெரிஞ்சேதான் மூடினாராப்பா?" என்றாள். தலையை ஆட்டினேன். வீடு அவளுக்கு முன்னால் பின்பக்கம் திறந்து கிடந்தது. சாயத் தொட்டி, சிட்டம், படி, மாடி, பதினோரு வருடத்துத் தூசி எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அவள் கையை நீட்டவில்லை. எழுந்து முன்பக்கம் வந்தாள். புதுச் சுடிதாரோடு சுண்ணாம்பு சிந்திய தரையில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, ஜன்னலில் கண்ணை வைத்தாள்.

"அப்பா, சொவரை வெச்சி மூடுங்க" என்றாள். "அவங்க மேல போயிட்டாங்க."

காடியில் நிறுத்தி மூடி, சாயாமல் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தேன். புதுப் பேட்டரி போட்டேன். பிறகு நான் அவளுக்குப் பக்கத்தில் படுத்து, அடுத்த ஜன்னலில் கண்ணை வைத்து, ஆடாமல் கிடந்தேன். நீ எடுக்கச் சொன்ன ஆணியை மட்டும் மறுபடி இறக்கவில்லை.